ஒரே பைப்பில் இரண்டு ஒயர்

உங்கள் வீட்டு இரும்புக் கேட்டைத் தொட்டதும் விரல் நுனியில் எறும்பு கடித்த மாதிரி சுருக்கென்று இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? கையை உதறிக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நிற்பீர்கள். யாரையாவது கூப்பிடுவீர்கள். சின்னவனின் அப்பா சிரித்தார்.

"கேட்டுக்கு உயிர் வந்துருச்சுடா" என்று போனில் சொன்னார். "தொட்டா கிச்சுகிச்சு மூட்டுது. இத்தனை வருஷமா துருப்பிடிச்சு கம்முனு கிடந்துச்சு. இப்பத்தான் என்மேல பாசம் பொங்குது."

சின்னவனும் சிரித்தான். "உங்களுக்கு வயசாயிடுச்சுப்பா. நரம்புத் தளர்ச்சியா இருக்கும், டாக்டர்கிட்ட காட்டுங்க."

"காட்டுறேன், காட்டுறேன். கேட்டையும் கழட்டித் தோள்ல தூக்கிட்டுப் போறேன். ரெண்டு பேருக்கும் சேத்து மருந்து தரட்டும்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அப்புறம் அது அவன் ஞாபகத்துக்கே வரவில்லை.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எஞ்சின் பக்கத்துக் காது மந்தம். மற்ற காது சுமார். அம்மா போனபிறகு அந்த வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. அக்கா கல்யாணமாகி வேறு ஊரில். சின்னவன் கடல் தாண்டி, ஓர் அறையில் எட்டுப் பேரோடு. போன லீவில் வந்தபோது கேட்டுக்கு மேலே ஒரு கேமரா மாட்டினான். திருட்டுப் பயம் என்று வெளியில் சொல்லிக்கொண்டான். அந்த வீட்டில் திருட ஒரு பழைய மிக்சியும் அப்பாவின் ரெண்டு காக்கிச் சட்டையும்தான் இருந்தன. அவனுக்கு வேண்டியது அப்பா நடமாடுவதைப் பார்ப்பது. அவ்வளவுதான்.

அப்பாவுக்கும் அது தெரியும். காலையில் பால் வாங்கப் புறப்படும்போது கேட்டருகே நின்று, நிமிர்ந்து கேமராவைப் பார்த்து, எதிரே வரும் பஸ்ஸின் டிரைவருக்குக் கை காட்டுவது போல ஒரு கை காட்டுவார். "வண்டி கெளம்புது, ரைட்!" சின்னவன் அதை வேலைக்குப் போகும் வேனில் உட்கார்ந்து பார்ப்பான். அதைப் பார்க்காத நாள் அவனுக்கு நாளாகவே இருக்காது.

அந்தக் கேமராவில் சண்டையும் நடக்கும். அதில் ஒரு ஸ்பீக்கர் உண்டு. சின்னவன் அங்கிருந்து பேசினால் கேட்டுக்கு மேலே சத்தம் வரும். "செருப்பைப் போடுங்க. மழையில நனையாதீங்க. மாத்திரை போட்டீங்களா?" தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறினால் நேரே உள்ளே போய் மெயின் சுவிட்சையே இறக்கிவிடுவார். கேமராவின் பிளக் பரணுக்குப் பக்கத்தில், உயரத்தில் இருந்தது; ஏறி இறங்க அவருக்கு முட்டி ஒத்துழைக்காது. "உன் வாயை மூட எனக்கு வேற வழி தெரியலடா" என்பார் பிறகு. "ஃபேனும் போச்சு, லைட்டும் போச்சு. ஆனா நிம்மதி வந்துச்சு."

இப்போது அந்த ஒயருக்கு வருவோம்.

கேமராவுக்கு வேண்டியது பன்னிரண்டு வோல்ட். உள்ளே ஹாலில் சின்னதாக ஒரு அடாப்டர், அதிலிருந்து மெல்லிசாக ஒரு ஒயர் கேட் வரைக்கும். அந்த ஒயரைச் சுவரோரமாகத் தனி பைப்பில் கொண்டுபோக வேண்டும். அதற்குச் சுவரில் ஆணி அடிக்க வேண்டும், முற்றத்துச் சிமெண்டை வெட்ட வேண்டும். மறுநாள் விமானம். அப்போதுதான் அப்பா யோசனை சொன்னார்.

"ஏன்டா சுவத்த உடைக்கிற? தண்ணித்தொட்டி மோட்டாருக்குப் போற பைப்பு கேட்டு வரைக்கும் போகுதே. உள்ள ஒரே ஒரு ஒயர்தான் இருக்கு. பாதி பஸ் காலியாத்தானே ஓடுது? இதையும் ஏத்தி விடு."

அவனுக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒயரில் சோப்புத் தடவி, கம்பியில் கட்டி, பைப்புக்குள் விட்டு இழுத்தான். கேட் பக்கம் பைப் வளையும் இடத்தில் எதிலோ சிக்கியது. காலைச் சுவரில் உதைத்துக்கொண்டு ஓர் இழு இழுத்தான். சர்ரென்று வந்துவிட்டது. கேமராவை, கேட்டின் தூண்களைச் சேர்க்கும் இரும்பு வளைவில் போல்ட் போட்டு முறுக்கினான். படம் கண்ணாடி மாதிரி வந்தது. "பலே!" என்றார் அப்பா.

போன மாதம் சின்னவன் வேலை மாறினான். குடோனில் மூட்டை தூக்கியவனை, புதிதாகக் கட்டும் ஒரு பெரிய அலுவலகத்தில் கேபிள் இழுக்கும் கும்பலில் சேர்த்தார்கள். கூட வேலை பார்த்தவனுக்கு டேப்பு என்று பெயர். எது பிய்ந்தாலும், கிழிந்தாலும், செருப்பு அறுந்தாலும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றுவான். அவன் மூக்குக்கண்ணாடிக்கே டேப்தான் முட்டுக்கொடுத்துக் கொண்டிருந்தது.

அன்றைக்குச் சாயங்கால டீக்கு முன்னால், சின்னவன் ஏணியில் நின்று ஒரு கேமரா ஒயரைக் கூரைக்குள் இருந்த பைப்புக்குள் செருகினான். கீழே ஏணியைப் பிடித்திருந்த டேப்பு அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"டேய் டேய், என்னடா பண்ற? அது பவர் லைன் போற பைப்பு! மாமியாரையும் மருமகளையும் ஒரே ரூம்ல போட்டுப் பூட்டுற!"

"பன்னெண்டு வோல்ட்டுதானே அண்ணே? அது என்ன பண்ணிடும்?"

"பன்னெண்டு பச்சைப்புள்ள. ஒண்ணும் பண்ணாது. பக்கத்துல படுத்திருக்கான் பாரு இருநூத்தி முப்பது, அவன் தோல் எங்கயாவது உரிஞ்சுதுன்னா? அவன் குணம் இவனுக்கும் வந்துடும். அப்புறம் ஒயரு, கேமரா, கேமரா மாட்டுன இரும்பு எல்லாம் அவன் ராஜ்ஜியம். தொடுறவன் போட்டோவாத் தொங்க வேண்டியதுதான்."

சின்னவன் சிரிக்கத்தான் போனான். வாய் பாதி திறந்தது. அப்படியே நின்றுவிட்டது.

"தோல் எப்படிண்ணே உரியும்?"

"உன்ன மாதிரி முரட்டுப் பய இழுத்தா உரியும். பைப்ப ஹாக்ஸா பிளேடுல வெட்டிட்டு ஓரத்தத் தேய்க்காம விட்டிருப்பான். அது கத்தி மாதிரி நிக்கும். வளைவுல சிக்குச்சுன்னா நிறுத்திப் பாக்கணும். சிக்குன ஒயர இழுக்குறவன் முட்டாள். ஏன்டா, முகம் ஏன் வெளுத்துப் போச்சு?"

அவன் உள்ளங்கைக்கு அந்த இழுப்பு ஞாபகம் வந்தது. சிக்கியது, உதைத்தது, சர்ரென்று வந்தது. அந்தச் சர் இப்போது காதுக்குள் கேட்டது. மோட்டார் ஓடும்போது மட்டும் கேமராப் படத்தில் கோடு கோடாக விழும். நெட் சரியில்லை என்று நினைத்திருந்தான். கேட்டுக்கு உயிர் வந்துருச்சுடா. நரம்புத் தளர்ச்சிப்பா.

ஏணியிலேயே போனை எடுத்தான். அவனுக்குச் சாயங்கால டீ நேரம் என்றால் அப்பாவுக்குப் பொழுது சாயும் நேரம். மோட்டார் போடும் நேரம். போட்டுவிட்டு, தொட்டி நிரம்புவதற்குள் வெளியே வந்து கேட்டைப் பூட்டுவார். தினமும் அதே வரிசைதான். ரூட் பஸ் மாதிரி மாறவே மாறாது.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. போன் கட்டிலில் சார்ஜில் கிடக்கும். கேட்கும் காது அந்தப் பக்கம் இருக்காது. மறுபடி அடித்தான். மறுபடி.

கேமராவைத் திறந்தான். படம் வந்தது. குறுக்கே கோடு கோடாக.

மோட்டார் ஓடுகிறது.

போதாததற்கு மழை. சாரல் இல்லை, கொட்டுகிற மழை. முற்றம் குளமாக நின்றது. வாசல் விளக்கு அதில் உடைந்து உடைந்து ஆடியது. கேட் நனைந்து பளபளத்தது. அப்பா இன்னும் வெளியே வரவில்லை.

அக்காவைக் கூப்பிட்டான். நல்லவேளை, உடனே எடுத்தாள்.

"அக்கா, அப்பா போனை எடுக்கல. கேட்டுல கரண்ட் இருக்கு. மோட்டார் ஓடிட்டிருக்கு. நான் போட்ட ஒயர்தான்... எப்படியாவது அவரை வெளிய வராம..."

"என்னடா உளறுற? மெதுவாச் சொல்லு."

"மெதுவாச் சொல்ல நேரமில்லக்கா! கேட்டத் தொட்டா அப்பா செத்துருவாரு!"

"இரு, எதிர்வீட்டு அத்தைக்குப் போன் போடுறேன். ஓடிப்போய்க் கேட்டத் தட்டச் சொல்றேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

அவன் போனையே வெறித்தான். கேட்டைத் தட்டச் சொல்கிறாளா? ஈரக்கையோடு அந்த அம்மாள் ஓடிவந்து கேட்டைப் பிடித்து உலுக்கினால்? "ஐயோ, அக்கா!" என்று மறுபடி அடித்தான். பிஸி. மறுபடி அடித்தான். பிஸி. எத்தனை தடவை அடித்தான் என்று அவனுக்கே தெரியாது. கடைசியில் லைன் கிடைத்தது.

"தட்ட வேணாம்! யாரும் கேட்டுக்கிட்டயே போக வேணாம்! மொட்டமாடியில நின்னு கத்தச் சொல்லு!"

"அவங்க எடுக்கவே இல்லடா, நான் இன்னும் அடிச்சிக்கிட்டுத்தான்..." அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

"அழாத. அடிச்சிட்டே இரு. கேட்டத் தொடக்கூடாதுன்னு மொதல்ல சொல்லு, மத்தத அப்புறம் சொல்லு."

கேமராவுக்குத் திரும்பினான். அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். தலையில் துண்டு. கைலியை மடித்துக் கட்டியிருந்தார். கையில் பூட்டு. காலில் செருப்பில்லை. செருப்பு நனைந்து போகும் என்று படியிலேயே விட்டுவிட்டு வருவது அவர் வழக்கம். "கால் காஞ்சிடும், செருப்பு காயாது" என்பது அவர் கட்சி.

சின்னவனின் கட்டைவிரல் பேசும் பட்டனுக்குப் போனது. போய் நின்றது.

பேசினால் சத்தம் எங்கிருந்து வரும்? கேட்டுக்கு மேலிருந்து. பிள்ளை கூப்பிட்டால் அப்பா எங்கே வருவார்? காது மந்தமானவர், என்னவென்று கேட்கக் கேட்டுக்குத்தான் வருவார். அவன் குரலே அவரை அங்கே கூப்பிடும். பேசாமல் இருந்தாலும் அவர் அங்கேதான் வந்துகொண்டிருந்தார். தண்ணீரைக் கலக்கிக்கொண்டு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து.

பட்டனை அழுத்தினான். "அப்பா! நில்லுங்க! அங்கேயே நில்லுங்க!"

அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கலாம். விட்டான். மழைச் சத்தமும் மோட்டாரின் கரகரப்பும் மட்டும் வந்தன. அப்பா தலையைத் தூக்கிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நடையை எட்டிப் போட்டார். நேராகக் கேமராவுக்கு அடியில் வந்து நின்று, கேட்கும் காதை மேலே திருப்பினார். கேட் அவருக்கு ஒரு கை தூரம்.

"என்னடா இந்த நேரத்துல? வேலை இல்லையா?"

"அப்பா, கேட்டத் தொடாதீங்க! கேட்டுல கரண்ட் இருக்கு! உள்ள போய் மோட்டார நிறுத்துங்க!"

அப்பா சிரித்தார். சத்தமாகவே சிரித்தார். "அதத்தான்டா நான் போன வாரமே சொன்னேன்! நீ நரம்புன்ன, தளர்ச்சின்ன. இப்ப எவனோ சொன்னதும் ஞானம் வந்துருச்சாக்கும்?"

"அப்பா, விளையாட்டு இல்ல! அன்னைக்குத் தரை காஞ்சிருந்துச்சு, இன்னைக்குத் தண்ணியில நிக்கிறீங்க! செத்துருவீங்க!"

"ஏன்டா, பஸ்ஸு பேட்டரியில எத்தன தடவ கைய வச்சிருக்கேன்! இதென்ன, சும்மா கிச்சுகிச்சு. நீ சின்னப் பிள்ளையிலேருந்தே பயந்தாங்கொள்ளி. இங்க பாரு, தொட்டுக் காட்டுறேன். அப்புறமாவது உன் நரம்ப டாக்டர்கிட்ட காட்டு."

பூட்டை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கை உயர்ந்தது.

அந்த ஒரு கணத்தில் சின்னவனுக்கு ஒன்று புரிந்தது. இவரிடம் கெஞ்சினால் கேட்க மாட்டார். பயமுறுத்தினால் வீம்பு கூடும். இவரைக் கேட்டை விட்டு விரட்டி, மெயினையும் இறக்க வைப்பது உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். கோபம். அதுவும் சும்மா கோபம் போதாது. கை நடுவழியில் நிற்க வேண்டும்.

அந்த வீட்டில் யாருமே வாய்விட்டுச் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது. அக்கா சொன்னதில்லை. சொந்தக்காரர்கள் சொன்னதில்லை. அவனும் அதை நினைத்ததுண்டு. நினைத்த கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டதும் உண்டு. பட்டனை அழுத்தினான். பிறந்ததிலிருந்து அப்பாவை 'நீங்க' என்றே கூப்பிட்டவன் 'நீ' என்று ஆரம்பித்தான்.

"நீ எதுக்குய்யா பயப்படப் போற? அம்மா சாகும்போதே நீ பயப்படலையே! ஆஸ்பத்திரியில உன்னக் கேட்டுக் கேட்டு வாசலையே பாத்துக்கிட்டிருந்தா. நீ வந்தியா? வண்டிய விட்டு எறங்கினியா? ட்ரிப்ப முடிச்சிட்டு, வண்டிய டெப்போல விட்டுட்டு, சாவகாசமா வந்த! அவளை ஒண்டியா சாக விட்டவன்தானே நீ! உனக்குக் காவலுக்கு ஒரு கேமரா வேற ஒரு கேடா!"

கீழே டேப்பு ஏணியை விட்டுவிட்டான். மறுபடி பிடித்தான்.

அன்றைக்கு நடந்தது சின்னவனுக்கு நன்றாகவே தெரியும். பஸ் நிறைய ஜனம், காட்டுப் பாதை, மாற்று டிரைவர் கிடையாது. நடுவழியில் விட்டுவிட்டு வர முடியாது. வண்டியை அவர் அன்றைக்கு ஓட்டிய வேகத்தைக் கண்டக்டர் பிறகு வீட்டுக்கு வந்து சொல்லி அழுதார். எல்லாம் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

அப்பாவின் கை அந்தரத்தில் நின்றது.

நின்று, மெதுவாக இறங்கியது. அவர் கேமராவைப் பார்த்தார். லென்ஸில் தண்ணீர் வழிந்து அவர் முகம் நீண்டு நீண்டு கலைந்தது. வாய் அசைந்தது. சின்னவன் பட்டனை விட்டிருந்தும் அவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. மழை மட்டும் கேட்டது.

பிறகு திரும்பினார். பூட்டு கையிலிருந்து தண்ணீரில் விழுந்தது. குனிந்து எடுக்கவில்லை. நடந்தார். அவர் நடை அப்படி அவன் பார்த்ததில்லை. காலைத் தூக்காமல் தண்ணீரை இழுத்துக்கொண்டு போனார். படியில் ஒரு காலை வைத்தார். அங்கே படம் உறைந்தது. உறைந்த படத்தில் அப்பாவின் முதுகு மட்டும் கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் திரை கறுத்தது. 'கேமரா இணைப்பில் இல்லை' என்று எழுத்து வந்தது.

மெயினை இறக்கிவிட்டாரா? இல்லை, பூட்டு ஞாபகம் வந்து திரும்பிப் போனாரா?

மெயினை இறக்கினாலும், கேட்டில் கரண்ட் அடித்து ஃபியூஸ் போனாலும், திரை இப்படித்தான் கறுக்கும்.

ஏணியிலிருந்து இறங்கினான். இறங்கினான் என்பதைவிட டேப்பு இறக்கினான் என்பதே சரி. பிளாஸ்டர் தூளில் அப்படியே உட்கார்ந்தான். போன் அடித்தான். எடுக்கவில்லை. அடித்தான். டேப்பு தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பக்கத்தில் வைத்தான். வேலை முடியும் மணி இன்னும் அடிக்கவில்லை. டீக்குப் போனவர்கள் இரண்டு பேரையும் தாண்டிக்கொண்டு போனார்கள்.

"அண்ணே, அவரு உள்ள போயிருப்பாருல்ல?"

"போயிருப்பாரு."

"படியில ஒரு கால வச்சாருண்ணே. நான் பாத்தேன்."

"வச்சாருல்ல. அப்ப போயிருப்பாரு."

"திரும்பி வந்திருந்தா?"

டேப்பு பாட்டிலை எடுத்து அவன் கையில் திணித்தான்.

அக்கா கூப்பிட்டபோது அவனுக்குப் பச்சைப் பட்டனைத் தள்ள வரவில்லை. டேப்புதான் தள்ளி, காதில் வைத்தான்.

"இருக்காருடா" என்றாள் அக்கா. "எதிர்வீட்டு அத்தை மாடியில நின்னு டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. வீடு பூரா இருட்டு. கதவு தொறந்து கிடக்கு. ஹால்ல சேர்ல உக்காந்திருக்காரு. கூப்பிட்டதுக்குக் கைய மட்டும் ஆட்டினாராம்."

சின்னவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான். விரலிடுக்கில் பிளாஸ்டர் தூள் சேறாகியது.

"மெயினைப் போட வேணாம்னு கத்தச் சொல்லிட்டேன். காலையில எலெக்ட்ரீஷியன் வராரு. சரி, அப்பாகிட்ட என்னடா சொன்ன?"

"ஏன்?"

"நான் அவர் போனுக்கு அடிச்சேன். எடுத்தாரு. 'அவன் கோபத்துல சொன்னானா, மனசுல இருந்ததச் சொன்னானா, அத மட்டும் கேட்டுச் சொல்லு'ன்னாரு. என்னடா சொன்ன?"

"அவரக் காப்பாத்தத்தான்க்கா சொன்னேன். கை கேட்டுக்கிட்டப் போயிடுச்சு. அதுக்காகத்தான். அப்படின்னு சொல்லிடுக்கா."

"என்ன சொன்னன்னுதான்டா கேக்குறேன்."

அவன் சொன்னான்.

"சரி, சொல்றேன்" என்றாள் அக்கா. "நீ சொல்லச் சொன்னதச் சொல்றேன். நம்புவாரான்னு எனக்குத் தெரியாது."

அப்பாவுக்கு அவன் அன்று எத்தனையோ தடவை போன் செய்தான். குரலைப் பதிவு செய்து அனுப்பினான். அதைக் கேட்டாரா என்பதைக் காட்டும் நீலக்குறி விழவே இல்லை.

மறுநாள் காலை எலெக்ட்ரீஷியன் வந்தார். பைப்பிலிருந்து இரண்டு ஒயரையும் உருவினார். வளைவில், தேய்க்காத பைப் ஓரம் பட்ட இடத்தில், மோட்டார் ஒயரின் தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. கேமரா ஒயர் அதோடு ஒட்டிக் கருகியிருந்தது. மோட்டாருக்குப் புது ஒயர் போட்டார், கரண்ட் கசிந்தால் தானாக விழும் சுவிட்ச் ஒன்றும் வைத்தார். கேமராவுக்கும் ஒரு புது ஒயரை எதிர்ச் சுவர் வழியாகத் தனி பைப்பில் கொண்டுபோய், மழைத்தண்ணீர் சொட்டி வெளியே விழ அதை ஒரு வளையமாகத் தொங்கவிட்டு, கேமராவுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் கட்டை வைத்து மாட்டினார். மெயினையும் மோட்டாரையும் போட்டு, டெஸ்டரைக் கேட்டில் வைத்துப் பார்த்தார், எரியவில்லை. சின்னவனின் போனில் படம் வந்தது, ஒரு கோடு இல்லாமல். அப்பா பையை எடுத்துக்கொண்டு வந்தார், கேட்டைப் பிடித்துத் திறந்தார், சாத்தினார், பால் வாங்கப் போனார். நிமிர்ந்து பார்க்கவில்லை.